படமும் நோவும்

ஆண்டு விழா மலர்களில் ஊர் வரலாறும் கோயில் வரலாறும் இடம்பெறுதல் மரபு. இம்முறை நாம் உடல் நோவின் வரலாற்றில் ஒரு பகுதியை எழுத முற்பட்டோம். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களை அடுத்துள்ள செங்கல் முதலிய எல்லைச் சிற்றூர்களோடு உறவுடையார் நம்மிடையே உளர். அங்கே ஒரு பெரியவர் குறுக்கு வலியென்று படுத்துவிட்டால், இங்கிருந்து தொலைபேசியில் நாம் கேட்கும் முதற் கேள்வி, “ஸ்கேன் எடுத்தாயிற்றா?” என்பதே. படத்தில் ஒன்றும் இல்லையென்றால், “எல்லாம் மனப்பிரமை” என்று வாயடைத்துவிடுகிறோம். ஏதேனும் தென்பட்டாலோ வீடே கலங்கிப்போகிறது. படத்திற்கு இத்தனை அதிகாரம் எவ்வாறு வந்தது?

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில வாரங்களில் தம் மனைவியின் கையெலும்புகளையும் மோதிரத்தையும் படமாக்கிக் காட்டினார். முறிந்த எலும்பையும் உடலுள் தங்கிய குண்டையும் அறுக்காமலே காண முடிந்தது மருத்துவத்திற்குப் பெரும்பேறு. அதனை எவரும் மறுப்பதற்கில்லை. 1971இல் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி.டி. கருவியும், பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. கருவியும் மூளையையும் முதுகெலும்பின் வட்டுகளையும் கண்முன் நிறுத்தின. கண்ணாற் கண்டதே மெய் என்னும் எண்ணம் மருத்துவமனைகளில் வேரூன்றியது.

தென்திருவிதாங்கூரின் அனுபவம் இவ்வெண்ணத்தைச் சற்றே அசைக்கிறது. நெய்யூரில் 1838இல் இலண்டன் மிஷன் சங்கத்தார் தொடங்கிய மருத்துவப் பணி பெயர் பெற்றது. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுக்களில் இருந்தவரும், ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறியவருமான சோமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், அங்கே காத்துக் கிடந்த நோயாளர் கூட்டத்தைக் கண்டு மனமிரங்கித் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை நெய்யூருக்கே அளித்தார். மலையை விட்டு மனிதரைப் பற்றினார் என்று சொல்லத் தோன்றுகிறது. செங்கலிலிருந்து தொலைவில்லாத காரக்கோணத்தில் 2002இல் எழுந்த மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் கத்திக்கு மிகுதியாக வந்த நோய்களுள் ஒன்று குடற்புண். விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் (1880–1885) பரவிய மரச்சீனிக் கிழங்கும் மீனுமே ஏழை மக்களின் அன்றாட உணவு. அவ்வுணவே புண்ணுக்குக் காரணமோ என்று மருத்துவர் பலரும் ஆராய்ந்தனர். பேரியக் கஞ்சியைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரேயில் இரைப்பையைப் பார்ப்பது அக்காலப் படமுறை. புண்ணால் சிதைந்த குடலின் வடிவம் அதில் தெரியும். எதனால் அப்புண் வந்தது என்பது தெரியாது. 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஒரு நுண்கிருமியைப் பிரித்தெடுத்த பின்னரே அக்கதை தெளிவடையத் தொடங்கியது. 2005இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. இன்று உள்நோக்கிக் குழாய் கொண்டு இரைப்பையின் உட்புறத்தையே நேரில் பார்க்கிறார்கள். மேல்வயிற்று வலியென்று வருவோருள் பெரும்பாலோரிடம் புண் எதுவும் காணப்படுவதில்லை; அவர்தம் வலியோ பொய்யன்று. மறுபுறம், ஒரு நாளும் வலியென்று சொல்லாத முதியவர் சிலர் திடீரெனக் குடல் துளைபட்டு மருத்துவமனைக்கு வருவதும் உண்டு. புண்ணில்லாத நோவும் உண்டு, நோவில்லாத புண்ணும் உண்டு.

முதுகின் கதையும் இதுவே. 1934இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், முதுகு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே தொடைவழி இறங்கும் வலிக்குக் காரணமாகலாம் என்று காட்டினர். உண்மையே, ஆயினும் அன்றுமுதல் எல்லா முதுகுவலிக்கும் வட்டே குற்றவாளியாயிற்று. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். எல்லா வட்டுகளும் செம்மையாக இருந்தவர் 36 விழுக்காட்டினர் மட்டுமே. 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டேனும் புடைத்திருந்தது! 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, வலியில்லாதவருள்ளேயே 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்வு இருந்தது. தலைநரைப்பதைப் போன்றதே பெரும்பாலான தேய்வும். பனையேறியும் சுமை தூக்கியும் பிழைத்த நம் முன்னோரைப் படமெடுத்திருந்தால் என்னென்ன கண்டிருப்போமோ!

படம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. காலில் உணர்விழத்தல், சிறுநீர் தடைப்படுதல், காரணமின்றி மெலிதல், விடாத காய்ச்சல் ஆகியன முதுகுவலியோடு சேருமாயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. எலும்புருக்கியும் புற்றும் முதுகெலும்பைத் தாக்குவதைப் படம் போல் காட்டுவது வேறில்லை.

நோவு எங்கே பிறக்கிறது? இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் கொடுங்காயமுற்ற வீரருள் நான்கில் மூவர் அளவினர் வலிமருந்து வேண்டாவென்றனர் என்று பீச்சர் 1946இல் எழுதினார். 1965இல் மெல்சாக்கும் வாலும், காயத்தின் செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது என்றும், அவ்வாயிலை மூளையே திறக்கவும் சாத்தவும் வல்லது என்றும் விளக்கினர். இல்லாத கையும் வலிக்கும். அவ்வலியைத் தணிக்க, 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பெட்டியில் பொருத்தி வழிகண்டவர் நம் தமிழரான வி.எஸ். இராமச்சந்திரன்.

படம் சொல்லாததை நோயாளியின் வாய்தான் சொல்ல வேண்டும். மெல்சாக் 1975இல் வலியைக் குறிக்கும் 78 சொற்களைத் தொகுத்து ஒரு வினாத்தாளே அமைத்தார். நம் பாட்டிமாரிடம் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல் என்று சொற்கள் தாமே வந்து விழும். ஆயின் 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. செங்கல் வட்டாரத்துத் தமிழ் மூதாட்டியின் முன் இன்று அமர்ந்திருப்பவர் மலையாளம் பேசும் மருத்துவராக இருத்தல் இயல்பு. “வேதனையா?” என்று அவர் கேட்பது உடல்வலியை. தமிழ்ச் செவிக்கு அது மனத்துயரைக் கேட்பதாகப் படும். நோவு என்னும் சொல்லோ இருமொழிக்கும் பொது. வேற்றுமொழி ஊர்களில் குடியேறிய நமக்கும் இவ்விடர் புதிதன்று. சொல் தடுமாறும் இடத்தில்தான் எல்லாரும் படத்தைத் தேடுகிறோம்.

கேரள அரசு 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அதுவே முதன்மை. அதன்வழி படுக்கையிற் கிடப்பாரை வீடு தேடிச் செல்லும் செவிலியர், கட்டிலருகே அமர்ந்து, “பத்துக்கு எத்தனை நோவு?” என்று கேட்டு, நோயாளி சொன்ன எண்ணை அப்படியே குறித்துக்கொள்கிறார்.