சிங்கப்பூர் டூ நியூயார்க்: பறப்பது 18 மணி நேரம்... கடிகாரத்தில் 5 மணி நேரம்தான்! எப்படி?

எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானங்களில் உலகிலேயே மிக நீண்ட தூரம் போவது எது தெரியுமா? சிங்கப்பூர் சாங்கியில் இருந்து நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்குப் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம்தான். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். பயண நேரம் 18 மணி நேரத்துக்கும் மேல்.

கணக்கு இடிக்குதே?

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது? ஓடுபாதைக்கு நகர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நேரம் கூடும். அதைவிட முக்கியம் காற்று. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றைப் பின்னால் வாங்கிக்கொள்ள, நியூயார்க் போகும்போது விமானம் பசிபிக் பக்கமாகப் பறக்கிறது. திரும்பும்போது சில நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வரும். அதாவது போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு!

தேதியில் கவனம்

குளிர்காலத்தில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கி இருக்கும். மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை 12 மணி நேரம்.

உதாரணமாக, குளிர்காலத்தில் திங்கள் நள்ளிரவு 12 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் இறங்கும்போது அதே திங்கள் காலை 5 மணி. கடிகாரப்படி 5 மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

திரும்பும்போது கதை தலைகீழ். திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், 18 மணி 40 நிமிடம் கழித்து இறங்கும்போது சிங்கப்பூரில் புதன் காலை 5.40. செவ்வாய்க்கிழமை எங்கே போனது என்றே தெரியாது. அழைத்துப்போக வருபவர்களிடம் கிளம்பும் தேதியை அல்ல, இறங்கும் தேதியைச் சொல்வது நல்லது.

எக்கானமி சீட்டே கிடையாது

பயன்படுத்தப்படுவது ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரக விமானம். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க இருக்கைகள் மொத்தம் 161 மட்டுமே: பிசினஸ் 67, பிரீமியம் எக்கானமி 94. விமானிகள் 4 பேர், மாறி மாறி ஓய்வெடுப்பார்கள்.

இதே நிறுவனம் 2004-லேயே நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் நகருக்கு இடைநிற்காத சேவையைத் தொடங்கியது. ஆனால் அப்போதைய ஏ340-500 விமானத்துக்கு 4 இன்ஜின்; எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தப்பட்டது. 2 இன்ஜின் ஏ350 வந்தபிறகு, 2018-ல் நெவார்க் சேவை மீண்டும் தொடங்கியது. கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில்.

சாதாரண எக்கானமி டிக்கெட்தான் வேண்டும் என்றால்? ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகும். டிக்கெட் போடும்போது இன்னொன்றும் பாருங்கள்: 'டைரக்ட்' என்று இருந்தால் வழியில் நிற்கலாம். 'நான்-ஸ்டாப்' என்று இருந்தால் மட்டுமே நிற்காது.