ஒரு காரின் பாடபேதங்கள்

என் பள்ளிப் பருவத்தில் மயிலாப்பூர் கச்சேரி சாலையில் ஒரு வீட்டு வாசலில் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று நிற்கும். அதன் முன்மூடி இரு சக்கர மறைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, முழுவதுமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்ப்பார். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

இத்தாலியரான மிக்கெலாட்டி வடிவமைக்க, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டி அது. 1961 முதல் நம் ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூரை ஒட்டிய ஆலையில், ஸ்டாண்டர்ட் என்ற பெயர் தாங்கி உருவானது. இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கடைசிவரை பக்கத்துக்கு ஒரு கதவுதான். சென்னை ஹெரால்டோ 1960களின் இறுதியில் நான்கு கதவுகள் பெற்றது. முன்னிருக்கையை மடக்கிவிட்டுப் பட்டுப்புடவையுடன் பின்னால் நுழைய வேண்டிய பாட்டிமார்களை நினைத்தால், இம்மாற்றத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

தமிழ் படித்தவர்களுக்குப் பாடபேதம் பழகிய சங்கதி. ஏடெழுதுவோரின் கைப்பிழையால் நேர்வது ஒருவகை. படிப்போரை மனத்திற்கொண்டு வேண்டுமென்றே மாற்றுவது மற்றொரு வகை. கார்களில் நாம் காண்பது பெரும்பாலும் இரண்டாம் வகை.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே, மறைமலை நகரில், இதற்கு நேர்த்தியான சான்று ஒன்று பின்னாளில் கிடைத்தது. ஃபோர்டு நிறுவனத்தின் ஈகோஸ்போர்ட். பிரேசிலில் வடிவமைக்கப்பட்ட இச்சிறுவண்டி 2013-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. அடுத்து இங்கிருந்தே ஐரோப்பாவுக்கும், 2018-இல் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. ஒரே ஆலை, ஒரே கைகள், மூன்று வாசகர்கள்.

இந்தியப் பிரதியைத் திருத்தியது வரிச்சட்டம். 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்குக் குறைந்த, எஞ்சினும் சிறிதான கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். ஈகோஸ்போர்ட்டின் இந்திய நீளம் 3,999 மில்லிமீட்டர் என்று அறிவிக்கப்பட்டதன் இரகசியம் இதுதான். அமெரிக்காவில் இப்படி ஒரு வரிக்கோடு இல்லாததால், அங்கே இரண்டு லிட்டர் எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கிடைத்தன. பின்கதவில் தொங்கிய உதிரிச் சக்கரம் நமக்குக் கம்பீரமாய்த் தெரிந்தது. ஐரோப்பாவில் அதைப் பின்னர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். அமெரிக்க வண்டியில் அது இல்லவே இல்லை.

விளக்குகளிலும் கண்ணாடிகளிலும் உள்ள வேறுபாடு நுட்பமானது. ஐரோப்பிய விதிப்படி திரும்பும் சைகை மஞ்சள்சிவப்பாகத்தான் ஒளிர வேண்டும். பின்புறம் பனிமூட்ட விளக்கு கட்டாயம். அமெரிக்காவில் பின்புறச் சைகை சிவப்பாகவும் இருக்கலாம். பனிமூட்ட விளக்கைக் கேட்பாரில்லை. ஆனால் வண்டியின் பக்கவாட்டில் அடையாள ஒளி இருந்தே தீர வேண்டும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி அங்கே தட்டையாக இருக்க வேண்டும், ஐரோப்பாவில் குவிந்திருக்கலாம். ஐரோப்பாவில் விற்பதற்கு முன்பே அரசின் ஒப்புதல் பெற வேண்டும். அமெரிக்காவிலோ தயாரிப்பாளரே தமக்குச் சான்று கொடுத்துக்கொள்ளலாம். பொய்யானால் பிற்பாடு தண்டனை.

என்னை உறுத்துவது காற்றுப்பை. பெல்ட் அணியாதவரையும் காக்கும்படி அமெரிக்கச் சட்டம் சோதனை வைத்திருக்கிறது; குடிமகன் சொன்னதைக் கேட்கமாட்டான் என்ற முன்கணிப்பு அதில் உண்டு. (தி. நகர் உஸ்மான் சாலையில் பின்னிருக்கையில் பெல்ட் அணிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அது நமக்கும் பொருந்தும்.) முன்னிருக்கை இரண்டுக்கும் கார்களில் காற்றுப்பை அங்கே 1998 முதல் கட்டாயம். நம் நாட்டில் ஓட்டுநருக்கு மட்டும் 2019 ஜூலையில் கட்டாயமாயிற்று. அருகில் அமர்பவர், பெரும்பாலும் மனைவி, 2021 வரை காத்திருந்தார். 2013-இல் இந்தியாவில் வந்த ஈகோஸ்போர்ட்டில் ஆறு காற்றுப்பைகள் உச்ச வகைக்கு மட்டுமே. அமெரிக்காவுக்குப் போன வண்டியில் பக்கவாட்டுப் பைகளும் எல்லா வகையிலும் இருந்தன.

நிறுவனத்தை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. பத்தாண்டுகளுக்கு முன் என் மைத்துனர் அடையாறில் ஒரு சிறுகார் வாங்கும்போது உடன் சென்றிருந்தேன். பையுள்ள வகைக்குக் கூடுதல் விலை சொன்னார்கள்.

"சிட்டிக்குள்ளதானே மாமா ஓட்டப் போறேன், அந்தக் காசுக்கு நல்ல பாட்டு செட்டு போட்டுக்கலாம்" என்றார்.

நானும் தலையசைத்தேன். என் தங்கை அப்போது கருவுற்றிருந்தாள். அவள்தான் முன்னிருக்கையில் அமர்ந்து வீடு வந்தாள்.

பழைய மாதிரிகள் உட்பட, விற்பனையாகும் எல்லாக் கார்களிலும் முன்னிருக்கை இரண்டுக்கும் பை வேண்டும் என்ற விதிக்கு 2021 டிசம்பர் 31 கெடுவாயிற்று. அதற்குள் ஃபோர்டு இந்திய விற்பனைக்கான உற்பத்தியை நிறுத்திவிட்டிருந்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசியாக வெளிவந்த ஈகோஸ்போர்ட் ஏற்றுமதிக்கானது.