சட்டத்துக்கு முன்பே ஓடியவர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் தடகளம் வளர்ந்த கதையை எழுதுவோர் பெரும்பாலும் 1972-இல்தான் தொடங்குகிறார்கள். அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால்வேறுபாடு காட்டக் கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம் அந்த ஆண்டு ஜூன் 23 அன்று நிறைவேறியது. அணி, பயிற்சியாளர், உதவித்தொகை எல்லாம் அதன் கொடை என்பது வழக்கமான வரலாறு. அதில் பாதிதான் உண்மை. பணமும் எண்ணிக்கையும் சட்டத்தால் வந்தன. ஆனால் ஒரு கல்லூரி மாணவியை ஒலிம்பிக் வீராங்கனையாக வளர்த்தெடுக்கும் பயிற்சிமுறை, அதற்கு 40 ஆண்டுகள் முன்பே தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளில் உருவாகத் தொடங்கியிருந்தது.

அது ஏன் அங்கே உருவானது? 1920-களில் வெள்ளையர் கல்லூரிகளின் பெண் உடற்கல்வித் தலைவர்களே பெண்களுக்கான போட்டிகளை எதிர்த்தார்கள். ஆண்கள் விளையாட்டைப் பிடித்திருந்த பணவெறி பெண்களையும் பிடித்துவிடும் என்ற அவர்களது அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் கண்ட மாற்று, பல கல்லூரி மாணவிகளைக் கலந்து அணி பிரித்து, எந்தக் கல்லூரியும் வெல்லாதபடி நடத்திய ‘விளையாட்டு நாள்’. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துச் சோர்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அந்த ஓட்டம் 1960 வரை ஒலிம்பிக்குக்குத் திரும்பவில்லை. இந்தத் தயக்கத்துக்கு அலபாமாவின் டஸ்கெகீ கல்லூரி இடம் கொடுக்கவில்லை. அங்கே கிளீவ் அபட் 1929-இல் பெண்கள் அணியைத் தொடங்கினார். 1937 முதல் 1948 வரை, ஓராண்டு நீங்கலாக, தேசியப் பட்டம் டஸ்கெகீக்கே போனது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆலிஸ் கோச்மன் அங்கே வளர்ந்தவர்.

டஸ்கெகீ போட்ட பாதையை விரிவாக்கியவர் டென்னசி ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரியின் பயிற்சியாளர் எட் டெம்பிள். உயர்நிலைப் பள்ளிப் பெண்களைக் கோடைப் பயிற்சிக்கு அழைத்துத் தேர்ந்தெடுத்தார். விளையாட்டு உதவித்தொகை இல்லாததால், அவர்கள் கல்லூரியிலேயே தினமும் வேலை செய்து கட்டணத்தை ஈடுகட்டினார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்குக் காரில் கிளம்பும்போது சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டார்கள். வழியில் எந்த உணவகம் உள்ளே விடும் என்பது நிச்சயமில்லை. இத்தகைய அணியிலிருந்து 40 ஒலிம்பிக் வீராங்கனைகள் புறப்பட்டார்கள்; 23 பதக்கங்கள் வந்தன. 1960 ரோமில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நால்வரும் டெம்பிளின் மாணவிகள். அவர்களில் வில்மா ருடால்ஃப் 100, 200 மீட்டரிலும் வென்றார். 1964-இலும் 1968-இலும் 100 மீட்டர் தங்கத்தை வென்ற வயோமியா டையஸும் அவர் பட்டறையில் உருவானவரே.

இது பயிற்சியின் பலனல்ல, பிறவித் திறமை என்று சொல்வார் உண்டு. திறமையே காரணமென்றால் நாடெங்கும் இருந்த கறுப்பினக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் பதக்கங்கள் வந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட இரண்டு கல்லூரிகளில் அவை குவிந்ததற்கு அங்கிருந்த ஒழுங்கே விளக்கம். இது குறுந்தூர ஓட்டத்துக்கு மட்டும் பொருந்தும் என்ற மறுப்பு வலுவானது. நெடுந்தூரத்தில் சட்டத்தின் பங்கு உண்மையிலேயே பெரிது. பெண்களுக்கான முதல் தேசியக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி போட்டி 1975-இல்தான் நடந்தது. அங்கும்கூட முன்னோடிகள் இல்லாமல் இல்லை. டோரிஸ் பிரவுன் 1967 முதல் 1971 வரை தொடர்ந்து ஐந்து முறை சர்வதேச கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்றார். பின்னர் தான் படித்த சியாட்டில் பசிபிக் கல்லூரியிலேயே பல ஆண்டுகள் பயிற்சியளித்தார்.

சட்டமே எல்லாம் செய்தது என்று எழுதும்போது, அது செய்யாதது மறைந்துபோகிறது. 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். பணமும் மதிப்பும் வந்ததும் ஆண்கள் அந்த வேலையைத் தேடி வந்தார்கள். 2014-இல் பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே, சுமார் 43 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அபட்டும் டெம்பிளும் ஆண்கள்தானே என்று கேட்கலாம். ஆனால் டஸ்கெகீயில் ஓடிய நெல் ஜாக்சன் 1956-இலேயே அமெரிக்க ஒலிம்பிக் பெண்கள் தடகள அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். ஓடியவளைப் பயிற்சியாளராக்கும் வழியும் அந்தப் பழைய மரபுக்குள் இருந்தது. சட்டம் மாணவிகளுக்குத் தடத்தைத் திறந்துவிட்டது. அவர்கள் ஓடி முடித்த பிறகு பயிற்சியாளர் பதவியில் அமர்த்தும் பொறுப்பு கல்லூரிகளுடையது. அதை அவை இன்னும் சரிவரச் செய்யவில்லை.