சுசேதா தலாலும் வரிசையில் நின்ற சர்வர்களும்

சுசேதா தலால்னு சொன்னா நம்மில் பல பேருக்கு ஞாபகம் வர்றது 'ஸ்கேம் 1992' வெப் சீரிஸ்தான். எனக்கு அவரோட கரியர்ல ரொம்பப் பிடிச்ச பகுதி 2015. ஏன்னா அது சர்வர் சம்பந்தப்பட்ட கதை.

பழைய கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். புள்ளியியல் படிச்சு, சட்டமும் படிச்சவர். பத்திரிகை வேலைக்கு வந்தது 1984-ல. (நம்ம தாம்பரம் சானடோரியத்துல மெப்ஸ் வந்ததும் அதே வருஷம்தான்.) 1992 ஏப்ரல் 23 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவுல, ஸ்டேட் பேங்க் கணக்குல 500 கோடி ரூபாய் இடிக்குதுன்னு எழுதினார். வங்கிகள் தங்களுக்குள்ள அரசுப் பத்திரம் வாங்கி விற்கும்போது, நடுவுல நின்ன புரோக்கர் ஹர்ஷத் மேத்தா அந்தப் பணத்தைப் பங்குச் சந்தைக்குத் திருப்பிட்டிருந்தார். 2006-ல பத்மஸ்ரீ. அதே வருஷம் கணவர் தேபாஷிஷ் பாசுவோட சேர்ந்து 'மணிலைஃப்' பத்திரிகை. 2010-ல அதே பேர்ல ஒரு அறக்கட்டளை.

இதுல ஒண்ணு கவனிக்கணும். மணிலைஃப்போட அன்றாட வேலை பெரிய ஊழல் இல்லை. நாமினி, உயில், எஃப்.டி. போட வந்த பெரியவர் தலையில இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கட்டுறது, இந்த மாதிரி விஷயங்கள்தான். வெப் சீரிஸ் எடுக்க யாரும் வரமாட்டாங்க.

2015-ல ஒரு கடிதம் வந்தது. எழுதினவர் பேர் வெளியே தெரியாது. செபிக்கு அனுப்பி, சுசேதாவுக்கும் ஒரு நகல் போட்டிருந்தார். தேசிய பங்குச் சந்தை, அதாவது என்.எஸ்.இ., தன்னோட டேட்டா சென்டர்லயே புரோக்கர்கள் சர்வர் வெச்சுக்க இடம் வாடகைக்குக் கொடுத்தது. இதுக்குப் பேர் கோ-லொகேஷன். இது சட்டப்படி சரிதான். பிரச்சினை, விலைத் தகவல் போன விதத்துல. டி.சி.பி. இணைப்பு வழியா ஒவ்வொரு சர்வருக்கும் வரிசையா போச்சு. காலையில முதல்ல கனெக்ட் ஆனவருக்கு முதல்ல!

தாம்பரம் ஸ்டேஷனை நினைச்சுக்கோங்க. அடுத்த பீச் ரயில் எந்த பிளாட்ஃபார்ம்னு வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தர் காதுலயும் தனித்தனியா சொன்னா என்ன ஆகும்? முதல் ஆள் ஜன்னல் சீட்டைப் பிடிச்சிருப்பார், கடைசி ஆள் இன்னும் படிக்கட்டுல இருப்பார். மைக்ல அறிவிச்சா எல்லாருக்கும் ஒரே நேரம். அந்த மைக் முறைதான் மல்டிகாஸ்ட். என்.எஸ்.இ. பிற்பாடு அதுக்கு மாறிச்சு.

சுசேதா உடனே பப்ளிஷ் பண்ணலை. என்.எஸ்.இ.கிட்டயும் செபிகிட்டயும் கேள்வி அனுப்பிட்டுக் காத்திருந்தாங்க. பதில் இல்லை. ஜூன்ல மணிலைஃப் தளத்துல கட்டுரை வந்தது. என்.எஸ்.இ. 100 கோடி ரூபாய் கேட்டு அவதூறு வழக்கு போட்டது. ஒரு சின்னப் பத்திரிகை மேல 100 கோடி! செப்டம்பர் 9 அன்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் கட்டுரைக்குத் தடை விதிக்க மறுத்துட்டார். முன்கூட்டியே கேட்டும் என்.எஸ்.இ. பதில் சொல்லாததையும் தீர்ப்புல சுட்டிக்காட்டினார். தம்பதிக்குத் தலா 1.5 லட்சம், மருத்துவமனைகளுக்கு 47 லட்சம் என்.எஸ்.இ. கொடுக்கணும்னு உத்தரவு.

நமக்கென்னன்னு கேக்கலாம். அதே 2015 ஆகஸ்ட்லதான் இ.பி.எஃப்.ஓ. முதல் தடவையா, புதுசா வர்ற பணத்துல 5 சதவீதத்தை இ.டி.எஃப். மூலமா பங்குச் சந்தையில போட ஆரம்பிச்சது. மெப்ஸ்லயோ ஓ.எம்.ஆர்.லயோ நம்ம சம்பளத்துல பிடிக்கிற பி.எஃப். பணம்தான் அது. சில மில்லி செகண்டால உங்க பி.எஃப். கரைஞ்சு போச்சுன்னு நான் சொல்ல வரலை. முப்பது வருஷத்துக்குப் பணம் போடற இடத்துல, யாருக்கோ மட்டும் தனி வரிசை இருக்கான்னு தெரிஞ்சுக்கற உரிமை நமக்கு இருக்கு.

முடிவு என்ன ஆச்சு? சினிமா மாதிரி இல்லை. 2019-ல செபி 624.89 கோடி ரூபாயை வட்டியோட கட்டச் சொன்னது. 2023-ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து பண்ணி, கவனக்குறைவுக்காக 100 கோடின்னு மாத்திச்சு. 2024-ல, கூட்டுச் சதிக்குப் போதிய ஆதாரம் இல்லைன்னு செபியே சொல்லிடுச்சு. ஆனா தகவல் வரிசையாத்தான் போச்சுங்கறதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்த எபிசோட்ல யூ.எஸ்-64. 2001-ல நம்ம தாத்தா பாட்டிகளோட சேமிப்பு ஆறு மாசம் முடங்கின கதை.