அடையாத்துல ஒரு சாமந்தி

ஆணி கம்மியா இருந்த ஒரு நாள், அடையாறு முகத்துவாரம் பத்தி எதையோ தேடப்போய் இதில் மாட்டினேன் மக்களே.

கடல் சாமந்தின்னா எனக்குத் தெரிஞ்சது நீமோ படம்தான். அதெல்லாம் மன்னார் வளைகுடா, அந்தமான் சமாச்சாரம், எங்க கொட்டிவாக்கம் மணலில் ஏதுன்னு இருந்துட்டேன். உலகத்தில் ஆயிரத்துக்கும் மேல் இனங்கள். துருவக் கடல், ஆழ்கடல், அலையடிக்கும் பாறை என்று எங்கும் உண்டு. ஆனா ஏறக்குறைய எல்லாத்துக்கும் நல்ல உப்புத்தண்ணி வேணும்.

1930களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த என். கேசவ பணிக்கர், ஆத்துத்தண்ணி கலக்கும் கழிமுகத்திலும் சாமந்திகளைத் தேடியிருக்கிறார். 1937-ல் 'போலோசெராக்டிஸ் கோபாலை' என்று ஒன்றை விவரித்தார். புது இனம் மட்டுமில்லை, பேரினமே புதுசு! அதே வருஷம் ஆர். கோபால ஐயரோடு சேர்ந்து சென்னையின் உவர்நீர் உயிர்கள் பற்றி ஐம்பது பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை. அடையாறும் கூவமும்தான் களம். ஆமாங்க, கூவமேதான் :-)

பணிக்கர் பின்னாளில், 1966-ல், கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

நான் தினமும் திரு.வி.க. பாலத்தை மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுறேன். விலங்கியல் படிச்ச பதிவர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, தண்ணி வத்துற நேரமா முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாம்.