பவளமும் பாசியும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் ஒரே வளாகத்துக்குள், ஓலைச்சுவடிகளைப் பேணும் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமும் நீர்வாழ் உயிர்களைப் பயிலும் துறையும் அமைந்திருக்கின்றன. பவளம் என்னும் சொல்லின் சரித்திரத்தை ஆராயப் புகுவோன் இவ்விரண்டு வாசல்களிலும் ஏறியிறங்க வேண்டியவனாகிறான்.

பழந்தமிழில் அதற்குத் துகிர் என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களுள் கீழ்க்கடல் துகிரையும் ஒன்றாகப் பட்டினப்பாலை எண்ணுகிறது. ரோமர் முத்தை மதிக்கும் அளவுக்கு இந்தியர் பவளத்தை மதித்தனர் என்பது ரோம எழுத்தாளர் பிளினியின் குறிப்பு. பவழம், பவளம் என்று தமிழிலும், ழகரத்தைக் கைவிடாமல் பவிழம் என்று மலையாளத்திலும் வழங்குவதற்கும் வடமொழிப் பிரவாளத்துக்கும் உறவு தெளிவு. எது தாய், எது சேய் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை, அதில் நான் தலையிடவும் போவதில்லை. நம் கவனத்துக்கு உரியது வேறொன்று: பிரவாளத்துக்குத் தளிர் என்றும் பொருள் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான லீலாதிலகம், மாணிக்கமும் பவளமும் ஒரே செந்நிறமாதலால் ஒரு சரட்டில் கோத்தால் பேதம் தோன்றாது என்று, மலையாளமும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடைக்கு விளக்கம் கூறியபோது, அதன் ஆசிரியர் எண்ணியது தளிரையன்று, மணியையே.

அந்த மணியோ மத்தியதரைக் கடலின் மங்கிய ஒளியில் வளரும் ஒரு பிராணியின் செந்நிற எலும்பு. எட்டு உணர்கொம்புகளை உடைய அது, திட்டுகளைக் கட்டும் கற்பவளங்களைக் காட்டிலும் மென்பவளங்களுக்கே நெருங்கிய பங்காளி. அதன் உடலில் பாசி கிடையாது. மிதந்து வரும் இரையையே நம்பி வாழ்கிறது. தளிர் என்ற பெயரைப் பெற்றது அது. வெயிலை உண்டு தளிரைப்போல வாழ்வதோ மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீரிலுள்ள அதன் உறவினம்.

சார்க்கோபைட்டான், சினுலேரியா போன்ற மென்பவளங்களின் உயிரணுக்களுக்குள்ளேயே, கண்ணுக்குப் புலப்படாத பொன்னிறப் பாசிகள் குடியிருக்கின்றன. 1881இல் பிராண்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றுக்கு ஜூசாந்தெல்லா என்று பெயரிட்டார். பவளம் சுவாசித்து வெளியிடும் கரியமில வாயுவையும், அதன் கழிவான அமோனியாவையும் பாஸ்பேட்டையும் வாங்கிக்கொண்டு, சூரிய கிரணத்தின் துணையால் பாசி சமைக்கும் குளுக்கோஸ், கிளிசரால், கொழுப்பு, அமினோ அமிலங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி மீண்டும் பவளத்துக்கே போய்ச் சேருகிறது. ஆயினும் மென்பவளம் இதனால் மட்டும் திருப்தியடைவதில்லை. அதன் கொட்டும் அணுக்கள் பலவீனமானவை. ஆகவே ஓடித் துள்ளும் இரையை விட்டு, நுண்ணிய தாவர மிதவைகளையும் மட்கிய துகள்களையும் சிறகு போன்ற கொம்புகளால் சலித்தெடுக்கிறது. நீரில் கரைந்த சத்துகளையும் தோல் வழியே உறிஞ்சுகிறது. பாசியற்ற டென்ட்ரோநெப்தியா முக்கியமாகத் தாவர மிதவைகளையே உண்டு பிழைப்பதைச் செங்கடலில் ஆராய்ந்தவர்கள் 1995இல் வெளியிட்டனர். செனியா இனத்தாரின் வழக்கமோ விசித்திரம்: அவற்றுள் சில கொம்புகளை ஓயாமல் விரித்து மூடுவது இரைக்காக அன்று, பாசி வெளிவிடும் மிகையான பிராணவாயுவை அகற்றி, அதன் ஒளிச்சேர்க்கையை வளர்ப்பதற்காக என்று 2013இல் தெரியவந்தது. விருந்தாளியின் அடுப்புக்கு விசிறி வீசும் வீட்டுக்காரரைப் போன்றது இது!

பாசி என்ற சொல்லைத் தமிழன் இரண்டு பொருளில் ஆள்கிறான்: நீர்ப்பாசியும் பாசி, கழுத்தில் அணியும் மணியும் பாசி. கழுத்துச் சரட்டில் பாசிமணியும் பவளமும் அக்கம்பக்கமாகக் கோக்கப்பட்டிருந்ததைப் போலக் கடலிலும் இருந்ததை நெடுங்காலம் எவரும் அறியவில்லை. விழிஞ்சத்து மீனவர் கடலடிப் பாறைத் திட்டைப் பாரு என்பர். மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபத்தார் பார் என்பர். பள்ளிப் புத்தகத்துப் பவளப்பாறையைவிட மலையாளிகளின் பவிழப்புற்று என் மனத்துக்கு உகந்தது. பாறை தானே கிடப்பது, புற்று எழுப்பப்படுவது. கறையானும் தன் புற்றுக்குள் பூஞ்சை வளர்த்து உண்கிறதென்பது இந்தப் பெயருக்குக் கிடைத்த எதிர்பாராத சிறப்பு.

பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள கூட்டு வெப்பத்தால் முறிவதும் உண்டு: 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் நீர் வெப்பம் மிகுந்து, பவளங்கள் வெளுத்தன. நிறம் என்று நாம் கண்டதில் பெரும்பகுதி பாசியினுடையதாதலால், அது நீங்கியதும் கீழிருக்கும் வெண்மை தெரிகிறது. வெளுத்த பவளம் உடனே மாள்வதில்லை. சேமித்த கொழுப்பைக் கரைத்தும், இரையைச் சலித்தும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கிறது. அதற்குள் நீர் குளிர்ந்தால், எஞ்சிய சில பாசிகளே பெருகி மீண்டும் சமையலைத் தொடங்குகின்றன.