இரு சபாநாயகர்கள்

இங்கிலாந்தின் பொதுமக்கள் சபைக்குத் தலைமை தாங்கும் சபாநாயகர் யாருக்கு ஊழியர்? மன்னருக்கா, சபைக்கா? பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது தீராத வினாவாகவே இருந்தது. பெயரளவில் சபையே அவரைத் தெரிவுசெய்தது; எனினும் அரசவையினர் முன்கூட்டியே விரும்பிக் குறித்த ஒருவரே பெரும்பாலும் அவ்வாசனத்தில் அமர்ந்தார். 1628ஆம் ஆண்டிற் கூடிய பாராளுமன்றத்தின் சபாநாயகர் சேர் யோன் பிஞ்ச் என்பவர், அரசியாரின் சட்டத்துறைத் தலைவராகவும் பணியாற்றியவர்.

அப்பாராளுமன்றம் மனக்கசப்புடனேயே கூடியது. முதலாம் சாள்ஸ் மன்னர் சபையின் சம்மதமின்றிக் கட்டாயக் கடன் வாங்கியிருந்தார்; கொடுக்க மறுத்தோர் காரணங் கூறப்படாமலே சிறையிலிடப்பட்டனர். போர்வீரர் குடிமக்களின் இல்லங்களிலே தங்கவைக்கப்பட்டனர். இவற்றையெல்லாம் தடுக்கும் உரிமை விண்ணப்பத்தை ஆக்குவதில் முன்னின்றவர் எழுபத்தாறு வயது நிரம்பிய சட்ட வல்லுநர் சேர் எட்வேட் கோக். மன்னர் முதலிலே மழுப்பலான மறுமொழி தந்து, பின்னர் 1628 யூன் 7ஆந் திகதி, வழக்கமான சொற்களால் அதற்கு இசைந்தார். ஆயினும் துறைமுகச் சுங்கவரியைப் பாராளுமன்ற அநுமதியின்றி அறவிடுவதை அவர் கைவிடவில்லை. சமயத்துறையிலும், சபையினர் வெறுத்த குருமாரையே உயர்த்தி வந்தார்.

1629 மார்ச் 2ஆந் திகதி சபை கூடியபோது பிஞ்ச் எழுந்து, கூட்டத்தை ஒத்திவைக்குமாறு மன்னர் கட்டளையிட்டுள்ளார் என்றார். ஒத்திவைப்பது சபையின் சொந்த உரிமை என்பது உறுப்பினர் கொள்கை. ‘இல்லை, இல்லை’ என்ற கூச்சல் எழுந்தது. சபாநாயகர் எழுந்து சென்றுவிட்டால் கூட்டமும் முடிந்துவிடும் என்பதை யாவரும் அறிவர். அவர் ஆசனத்தை விட்டு இறங்க முற்படவே, டென்சில் ஹொலிஸ், பெஞ்சமின் வலன்ரைன் என்னும் இரு உறுப்பினர் அவரைப் பிடித்து மீண்டும் ஆசனத்தில் அமர்த்தி, எழவொட்டாமல் அழுத்திக்கொண்டனர். சபை விரும்பும்வரை அவர் இருந்தேயாக வேண்டும் என்று ஹொலிஸ் ஆணையிட்டுரைத்தார். மைல்ஸ் ஹோபாட் கதவைப் பூட்டித் திறவுகோலைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே மன்னரின் தூதுவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சேர் யோன் எலியற் கொண்டுவந்த தீர்மானங்களை வாக்கிற்கு விடுமாறு பிஞ்ச் வேண்டப்பட்டார். அவர் கண்ணீர் வடித்தார். தாம் சபையின் ஊழியராயிருப்பதனால் மன்னரின் ஊழியர் அல்லாமற் போய்விடவில்லை என்றும், தீர்மானங்களை வாக்கிற்கு விடத் தமக்குத் துணிவில்லை என்றும் கூறினார். அவருடைய உறவினரான சேர் பீற்றர் ஹேமன் எழுந்து, இத்தகையவர் தம் உறவினராயிருப்பது குறித்து வெட்கப்படுவதாகக் கடிந்தார். பிஞ்ச் கோழை என இகழ்வது எளிது. இரு எசமானர் ஒரே வேளையில் இருவேறு கட்டளையிட்டால் ஊழியன் என்செய்வான் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நம்பிக்கை இழந்த எலியற் தம் தாளை நெருப்பிலிட்டுவிட்டார். ஹொலிசோ அதன் பொருளை நினைவிலிருந்தே எடுத்துரைத்தார். சமயத்திற் புதுமை புகுத்துவோர், பாராளுமன்ற அநுமதியற்ற சுங்கவரியை அறவிட ஆலோசனை கூறுவோர், அதனைத் தாமாகவே செலுத்துவோர் ஆகியோர் நாட்டின் பகைவர் என்பதே அது. சபையினர் ஆரவாரித்து ஏற்றனர். அதன் பின்னரே கதவு திறந்தது.

மன்னர் பாராளுமன்றத்தைக் கலைத்தார். பதினோராண்டுகள் அது மீண்டுங் கூட்டப்படவில்லை. சபையில் நிகழ்ந்ததை வேறெந்த மன்றமும் விசாரிக்க இயலாது என்று வாதாடிய எலியற், மன்னிப்புக் கேட்க மறுத்து, 1632 நவம்பர் 27ஆந் திகதி இலண்டன் கோபுரச் சிறையில் மாண்டார். உடலைக் கோண்வாலுக்குக் கொண்டுசெல்ல அவர் மகன் விண்ணப்பித்தார். இறந்த இடத்திலுள்ள கோயிலிலேயே அடக்கம் செய்க என்று மன்னர் எழுதிவிட்டார். வலன்ரைனும், அன்று கைதான வில்லியம் ஸ்ரோட்டும் 1640 வரை சிறையிலிருந்தனர்.

பிஞ்சுக்கு உயர்பதவிகள் கிட்டின. 1634இல் அவர் பிரதம நீதியரசர்களுள் ஒருவரானார். 1640இல் நெடும் பாராளுமன்றம் கூடிக் குற்றஞ்சாட்டியதும் ஒல்லாந்துக்கு ஓடினார்.

1642 சனவரி 4ஆந் திகதி சாள்ஸ் மன்னர் ஆயுதந் தாங்கிய வீரருடன் வெஸ்ற்மினிஸ்ரருக்கு வந்து, அவர்களை வாயிலில் நிறுத்திவிட்டுப் பொதுமக்கள் சபைக்குள் நுழைந்தார். ஐந்து உறுப்பினரைச் சிறைபிடிப்பதே அவர் நோக்கம். அவ்வைவருள் ஹொலிசும் ஸ்ரோட்டும் இருந்தனர். செய்தி முந்தியதால் ஐவரும் படகேறித் தப்பிவிட்டனர். மன்னர் சபாநாயகர் வில்லியம் லெந்தாலின் ஆசனத்தருகே நின்று, அவர்கள் எங்கே என வினவினார். லெந்தால் முழந்தாளிட்டார். சபையின் ஊழியராகிய தமக்கு, அச்சபை பணித்தாலன்றி அவ்விடத்திற் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என்று பணிவுடன் விடையளித்தார்.

லெந்தால் இயற்கையில் வீரரல்லர். 1660இல் முடியாட்சி மீண்டபோது தம் பழைய சபைத் தோழர் ஒருவருக்கு எதிராகச் சாட்சி கூறியவர் அவர். அன்று அவருக்கு வாய்த்த துணிவு, பதின்மூன்றாண்டுகளாகச் சபை முழுவதும் பட்ட துன்பத்தில் விளைந்தது எனக் கொள்ளலாம்.

எலியற் முதலியோர்மீது விதிக்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பை 1668இல் பிரபுக்கள் சபை சட்டத்துக்கு மாறானதென மாற்றியது. அப்போது ஹொலிஸ் ஒரு பிரபுவாக உயிருடன் இருந்தார்.